சமையல் மாஸ்டர் மகள் கேட்டரிங் படிக்கக் காசு கட்டலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு_பந்தி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். இந்த வருடம் 12 முடித்திருக்கிறேன், காமர்ஸ் குரூப். அப்பா கல்யாண சமையல் மாஸ்டர். 20 வருடத்துக்கு மேல் இதே தொழில்தான், முகூர்த்த நாள் வந்தால் காரிமங்கலம், மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வரைக்கும் கூப்பிடுவார்கள். எனக்கு இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் ரெஸ்டாரண்ட், கேட்டரிங் மேனேஜ்மெண்ட் ஒரு வருட டிப்ளமோ சேர ஆசை. வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரண்டி பிடிக்கறதுக்குக் காசு கட்டிப் படிக்கணுமா, உங்கப்பன்கிட்ட இல்லாதது அங்க என்ன இருக்கு?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்பாவும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

எட்டாவது படிக்கும்போதிலிருந்து அப்பாவுக்குச் சாமான் லிஸ்ட் எழுதுவது நான்தான். 100 பேருக்கு 10 கிலோ அரிசி, இரண்டரை கிலோ துவரம்பருப்பு என்று அவர் வாயால் சொல்வார், நான் எழுதுவேன். போன மாசியில் ஒரு கல்யாணம், இலைக்கு 180 ரூபாய் என்று பேச்சு, சாமானும் எங்களுடையது. பெண் வீட்டில் 600 இலை என்றார்கள். அன்றைக்கே அந்த ஊரில் இன்னும் இரண்டு முகூர்த்தம். விழுந்தது 370 இலை. எண்ணின இலைக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். மீதி 230 இலை, 41,400 ரூபாய், அத்தனையும் சோறாகவும் சாம்பாராகவும் அண்டாவில் நின்றது. முடிந்தவரை ஊரில் கொடுத்தோம். அப்பா வீட்டுக்கு வந்து லிஸ்ட் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

சமையலில் என் அப்பாவை அடிக்க எங்கள் பக்கம் ஆள் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கணக்கை, இந்த மாதிரிப் பேச்சை எங்கேயாவது சொல்லித் தருவார்களா? அந்தப் படிப்பில் உண்மையில் என்னதான் நடத்துகிறார்கள்? சென்னை தரமணியில் இருக்கிற அரசு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் நிறுவனத்துக்குப் போய் மூன்று வருடம் படிப்பது நல்லதா, இங்கேயே ஒரு வருடம் போதுமா? அப்புறம், பெண்ணை அடுப்பில் நிற்க விடுவார்களா, இல்லை ரிசப்ஷனில்தான் நிறுத்துவார்களா? எங்கள் கல்யாண வேலையிலேயே பெண்கள் காய் நறுக்குவதோடு சரி, அடுப்பு ஆண்களுக்குத்தான். எனக்கு அடுப்பு வேண்டும்.

ஓசூர்_கேன்டீன்:

தங்கச்சி, நான் இதே மாதிரி ஒரு சமுதாயக் கல்லூரியில் ஒரு வருட டிப்ளமோ முடித்தவன். இப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர், ஒரு ஷிப்டுக்கு 1,800 சாப்பாடு போகிறது. உங்கள் பெரியப்பா கேட்டதற்கு என் பதில்: அப்பாவிடம் கை இருக்கிறது, அங்கே தராசு இருக்கிறது.

முதல் வாரம் எங்கள் சார் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை அவிழ்த்து, 10 கிலோ சரியாக எடை போட்டு, உரிக்கச் சொன்னார். எட்டு பேர் கண்ணில் தண்ணீர் வழிய உரித்தோம். திரும்ப தராசில் வைத்தால் 8 கிலோ 700 கிராம். தோல், வேர், அழுகல் எல்லாம் குப்பையில். அன்றைக்கு வெங்காயம் கிலோ 60. "600-ஐ 8.7-ஆல வகுங்க" என்றார். 69 ரூபாய். கடையில் 60 ரூபாய்க்கு வாங்கின வெங்காயம் சட்டியில் விழும்போது 69 ரூபாய். அந்த 9 ரூபாயை யாருமே லிஸ்டில் எழுதுவதில்லை. கோழி, மீன், கீரை, முருங்கைக்காய் எல்லாவற்றையும் இப்படி ஒவ்வொன்றாக எடை போட்டு நோட்டில் எழுதினோம், அந்த நோட்டை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு அட்டை. ஸ்டாண்டர்ட் ரெசிப்பி என்பார்கள். என்ன சாமான், உரித்த எடை எவ்வளவு, எத்தனை பேருக்கு, ஒருத்தருக்கு எந்த அளவுக் கரண்டி. பாலக்கோடு சந்தை உங்களுக்குத் தெரியாததா, ஒரு வாரம் தக்காளியைச் சீந்த ஆள் இருக்காது, கொஞ்ச நாளில் அதே பெட்டி நாலு மடங்கு விலை. அட்டை கையில் இருந்தால் இன்றைய விலையில் ஒரு இலைக்கு ரசம் எவ்வளவு ஏறுகிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பொதுவாக ரெஸ்டாரண்டில் விற்கிற விலையில் சாமான் செலவு 30-லிருந்து 35 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று சொல்லித் தருவார்கள், கேன்டீனிலும் மெஸ்ஸிலும் அது இன்னும் கூட வரும். ஆள் கூலி, கேஸ், வாடகை, லாபம் எல்லாம் மீதியில்தான். நீங்கள் காமர்ஸ், இதெல்லாம் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

உங்கள் 600 இலை விஷயத்துக்கு வருகிறேன். அதுவும் பாடத்தில் இருக்கிறது. ஹோட்டலில் விருந்துக்கு ஹால் புக் செய்யும்போது மினிமம் கேரண்டி என்று ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். 500 என்று எழுதியிருந்தால் 370 பேர் வந்தாலும் 500-க்குப் பணம் தர வேண்டும், கூட வந்தால் கூட வந்ததற்கும் சேர்த்து. உங்கள் அப்பா பேசினது வாய்ப்பேச்சு, அதனால்தான் நஷ்டம் முழுக்க அவர் தலையில் விழுந்தது. எனக்குப் பாடத்தில் இந்தப் பக்கம் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலைக்கு வந்த பிறகுதான் அருமை தெரிந்தது.

மற்றபடி பரிமாறுதல், ஹவுஸ்கீப்பிங், சுகாதாரம், கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கம்ப்யூட்டர், ஹோட்டலில் டிரெய்னிங் எல்லாம் உண்டு.

கிருஷ்ணகிரி_மெஸ்_அக்கா:

தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் கண்ணு, எல்லா இடத்திலும் தராசு இருக்காது. நான் பட்டதைச் சொல்கிறேன், பார்த்துச் சேரு.

நான் சேர்ந்தது ஒரு தனியார் இன்ஸ்டிடியூட், பெயர் வேண்டாம். 45,000 ரூபாய், அம்மாவின் தோடு அடகு. பிராக்டிகல் என்று சொல்லி சனி, ஞாயிறு வேனில் ஏற்றி மண்டபத்துக்கு அனுப்புவார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், ராத்திரி 12 மணி வரைக்கும் தட்டு தூக்குவோம். எங்களுக்குச் சாப்பாடும் 100 ரூபாயும். எங்கள் தலைக்கு 400 ரூபாய் அவர்கள் வாங்கினார்கள் என்று ஒரு காண்ட்ராக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வருடத்தில் நான் அடுப்பைப் பற்ற வைத்தது ஆறு தடவை, எண்ணி ஆறு. கடைசியில் கொடுத்த சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை, பெங்களூரில் இண்டர்வியூவுக்குப் போனபோது அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே ஒரு ஹோட்டலில் டிரெய்னியாகச் சேர்ந்து, காய் வெட்டுவதில் தொடங்கி நாலு வருடம் கழித்து ஊருக்கு வந்து மெஸ் போட்டேன்.

அதனால் சேருவதற்கு முன்னால் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், காலை 11 மணிக்குப் போ. அந்த நேரத்தில் தாளிக்கிற வாசனை வர வேண்டும். வரவில்லையா, இன்றைக்கு என்ன பிராக்டிகல் என்று கேள். கிச்சனுக்குள் விடச் சொல். எத்தனை அடுப்பு, எத்தனை பேருக்கு ஒரு அடுப்பு, தொட்டியில் தண்ணீர் வருகிறதா, சாக்கடைக் கம்பி வலை அடைத்திருக்கிறதா, மேலே புகை இழுக்கிற ஹூட்டில் பிசுக்கு எத்தனை நாளாக இருக்கிறது, இதெல்லாம் பார்த்தாலே அந்த இடம் ஓடுகிறதா, போட்டோவுக்கு வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். மளிகைச் சாமானுக்குத் தனியாகப் பணம் கேட்பார்களா என்று முதலிலேயே கேள், ஃபீஸில் சொல்லாமல் பாதியில் கேட்கிற இடம் இருக்கிறது. போன வருடம் முடித்த இரண்டு பேருடைய நம்பர் வாங்கிப் பேசு. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு என்று அவர்கள் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டிலேயே இந்த வருடத்துப் பட்டியலில் அந்தக் கல்லூரி பெயர் இருக்கிறதா பார், சுவரில் மாட்டியிருக்கிற பழைய ஃபிரேமை நம்பாதே.

அடுப்பு வேண்டும் என்று கேட்டாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுவார்கள், கண்ணு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ஹோட்டல் டிரெய்னிங்கில் பெண் பிள்ளைகளை ரிசப்ஷன், பேக்கரி என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். பேக்கரி குறைச்சலான வேலை இல்லை, ஆனால் நீ கேட்டது அது இல்லையே. ஹாட் கிச்சனில், அதாவது அடுப்பில் சமைக்கிற பக்கத்தில், ஒரு மாதமாவது வேண்டும் என்று டிரெய்னிங் லெட்டர் போடும்போதே வாயைத் திறந்து சொல். ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா என்று கேள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் புகார் சொல்ல ஒரு உள்குழு இருக்க வேண்டும், 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அதில் யார் யார் என்று முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்.

அரூர்_வகுப்பறை:

தரமணியா, இங்கேயா என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்மா. தரமணியில் இருப்பது மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் நிறுவனம், அங்கே மூன்று வருட பி.எஸ்சி. படிக்க என்.சி.எச்.எம். என்கிற தேசிய அளவிலான நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். திருச்சி துவாக்குடியிலும் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. பெரிய ஹோட்டல், கப்பல், வெளிநாடு என்று போக நினைத்தால் அந்தப் பட்டம் கதவைத் திறக்கும், சந்தேகமே இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ மூலமாக தரமணியில் படிக்கக் கட்டண உதவி அறிவிப்பு வருகிறது, உனக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

சமுதாயக் கல்லூரி என்றதும் ஏதோ டுடோரியல் மாதிரி நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இந்தியாவில் தொடங்கி வைத்த முறை அது. வேலைக்குத் தேவையானதைப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு, குறைந்த செலவில், வீட்டில் இருந்தபடியே சொல்லிக் கொடுப்பதுதான் நோக்கம். மேலே படிக்க வழி அடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த பி.வோக். என்ற தொழில்கல்விப் பட்ட முறையில் ஒரு வருடம் முடித்தால் டிப்ளமோ, இரண்டு முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்று முடித்தால் பட்டம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் கையில் ஒரு தாள் இருக்கும். நீ சேரப்போகிற டிப்ளமோ அந்த வழியில் வருகிறதா, உன் கிரெடிட் (படித்து முடித்ததற்குத் தருகிற புள்ளி) பி.வோக்.கில் ஏறுமா என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். உன் கல்லூரி அதில் சேருகிறதா என்பதையும் அட்மிஷனுக்கு முன்பே விசாரித்துவிடு, பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

பாலக்கோடு_பந்தி:

அண்ணா, அக்கா, சார், மூன்று பேருக்கும் நன்றி. நீங்கள் எழுதினதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயக் கணக்கில் அவருடைய முகம் மாறிவிட்டது. "மூட்டைக்கு அஞ்சாறு கிலோ போகும்னு எனக்குத் தெரியும், அதுக்குக் காசு போடணும்னு தோணலையே" என்றார்.

ஒரு சந்தேகம். அப்பா எலுமிச்சை சாதம், புளி சாதம் கிளறும்போது, வடித்த சோற்றை அண்டாவிலேயே விடமாட்டார், வெள்ளை வேட்டியைப் பாயில் விரித்து அதில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைப்பார். குவியலாகப் போட்டால் திட்டுவார். உதிரி உதிரியாக வரும் என்று மட்டும் காரணம் சொல்வார். கல்லூரியில் சுகாதாரம் என்று இதையெல்லாம் தப்பு என்று சொல்லிவிடுவார்களா? அவர் செய்கிறதைத் தப்பு என்று ஒருத்தர் சொன்னால் எனக்குத் தாங்காது.

ஓசூர்_கேன்டீன்:

தப்பா? உங்கள் அப்பா செய்வதைத்தான் பாடமாகவே நடத்துகிறார்கள். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் இருக்கிற சூட்டில்தான் கிருமி பெருகும், டேஞ்சர் ஜோன் என்போம். வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் அண்டாவில் கிடந்தால் முளைத்து விஷத்தை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. அதனால் ஒன்று சூடாகவே 60-க்கு மேல் வைக்க வேண்டும், இல்லை அந்த இடைச் சூட்டை வேகமாகக் கடக்க வேண்டும். நடுச்சூட்டில் கிடக்க விட்டால்தான் வம்பு. நாங்கள் ஸ்டீல் டிரேயில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புகிறோம், அப்பா வேட்டியில் பரப்புகிறார். வேட்டி வெந்நீரில் துவைத்ததா, பாய் தரையில் படுகிறதா, ஈ உட்கார்கிறதா, ஆறின பிறகு எவ்வளவு நேரம் வெளியில் நிற்கிறது, இதை மட்டும் கேட்பார்கள். டிரே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கை அவருடையதே இருக்கட்டும்.

கம்பி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது, குழம்புக்குள் குத்திச் சூடு பார்ப்பது. விலை அதிகம் இல்லை. அடுத்த கல்யாணத்தில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் சாம்பார் அண்டாவில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். கல்லூரி திறப்பதற்கு முன்னாலேயே பாதிப் பாடம் உங்களுக்கு வந்துவிடும்.

காவேரிப்பட்டணம்_மாஸ்டர்:

நானும் சமையல்காரன், 30 வருடம். நான் சொல்லச் சொல்ல என் பையன் டைப் செய்கிறான். பாப்பா, உன் அப்பா நஷ்டப்பட்ட மாதிரி நான் மூன்று தடவை பட்டிருக்கிறேன். இப்போது நான் இரண்டு மாதிரிதான் பேசுவது. ஒன்று, சாமான் அவர்களுடையது, எனக்குக் கூலி மட்டும். இன்னொன்று, சாமானும் என்னுடையது என்றால் முழுக் கணக்கில் முக்கால் பங்கு இலைக்கு உறுதி, மூன்று நாள் முன்னால் கடைசி எண்ணிக்கை சொல்ல வேண்டும், அதை ஒரு தாளில் எழுதி மாமன் முறைக்காரர் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாண வீட்டில் பேப்பரை நீட்டினால் கோபித்துக்கொள்வார்களோ என்று ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. தேங்காய் பழத்தட்டில் அட்வான்ஸ் வாங்கும்போதே அந்தத் தாளையும் அதே தட்டில் வைத்துவிடுவேன், யாரும் முகம் சுளித்ததில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ, எது தேவையோ அதையும் வாங்கிவிடச் சொல். நம்மைப் போல மண்டபத்தில் சமைக்கிறவர்களுக்கும் அது உண்டு, 14 இலக்க நம்பர் வரும், பில்லில் போடலாம். ஆன்லைனில் கேட்கிறார்கள், எனக்குப் பையன்தான் போட்டுக் கொடுத்தான். உன் அப்பாவுக்கு நீ இருக்கிறாய். என் காலத்தில் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு மண்டபம் கூடப் பிடித்திருப்பேன். படிக்க வை என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

பாலக்கோடு_பந்தி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அக்கா சொன்ன மாதிரியே சொல்லாமல் 11 மணிக்குப் போனோம், அப்பாவும் வந்தார். கேட்டிலேயே வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. ஆறு அடுப்பு, ஒரு அடுப்புக்கு மூன்று பேர். சுவரில் வெள்ளை போர்டில் "பீன்ஸ் 5 கிலோ, நறுக்கியபின் 4 கிலோ 550" என்று அன்றைய தேதியோடு எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சேர்ந்துவிட்ட மாதிரியே இருந்தது. கிச்சனில் இருந்த மேடமிடம் அப்பா நேராகப் போய், "இந்த பர்னருக்கு காத்து அதிகமா போகுதுங்க, தீ மஞ்சளா எரியல, ஆனா தூக்கி எரியுது பாருங்க" என்று சொல்லி, குனிந்து திருகைத் திருப்பி நீலமாக உட்கார வைத்துவிட்டார். மேடம் அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, அரை மணி நேரம் 500 பேருக்கு எப்படி அளவு போடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குக் கல்யாண ரசம் வைத்துக் காட்ட முடியுமா என்றும் கேட்டார்கள்.

இணைப்பு, கிரெடிட், டிரெய்னிங் எல்லாம் கேட்டாயிற்று, பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் இருக்கிறது. மளிகைக்குத் தனியாகப் பணம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஹாட் கிச்சன் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா வாயைத் திறந்தார்: "ஆவணி முகூர்த்தத்துக்கு ரெண்டு வேலை வந்திருக்கு, அந்தக் காவேரிப்பட்டணத்துக்காரர் சொன்ன தாளை நீ எழுதிடு." நேற்று எழுதி முடித்தேன். 500 இலை, உறுதி 400.

யூனிஃபார்முக்கு வெள்ளைக் கோட்டும் கறுப்பு ஷூவும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஷூ எப்படிப்பட்டது வாங்குவது?

கிருஷ்ணகிரி_மெஸ்_அக்கா:

பளபளப்பைப் பார்க்காதே கண்ணு, அடியைப் பார். கொஞ்சம் எண்ணெயும் தண்ணீரும் கொட்டின தரையில் வழுக்கக் கூடாது, முன்பக்கம் மூடியிருக்க வேண்டும், லேஸ் இல்லாமல் சட்டென்று கழற்ற வர வேண்டும். கொதிக்கிற சாம்பார் காலில் கொட்டினால் லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அரை சைஸ் பெரிதாக எடு, பத்து மணி நேரம் நின்றால் கால் வீங்கும். பருத்திச் சாக்ஸ் மூன்று ஜோடி. கோட்டு முழுக்கையாக இருக்கட்டும்.